மீதி இரண்டு முடிச்சு

இறந்துபோன நடிகர்களை மட்டுமே வைத்து எடுக்கும் பேய்வீட்டு நகைச்சுவைத் தொடரில் அன்று கல்யாணம். மாப்பிள்ளைப் பேய், பூங்கோதையின் கணவர் குழந்தைவேலு. அவர் போய் நான்கு வருடமாகிறது. கம்ப்யூட்டர் செய்த அந்த உருவம் அவரைப் போலவே யோசித்து, தானாகவே பேசும். கம்பெனிக்காரர்கள் சம்மதம் கேட்டபோது, "நடிப்புதானே, நடத்துங்க" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டாள். காலையிலிருந்து சமையலறைப் பாத்திரங்கள்தான் அடி வாங்கின. இப்போது நாத்தனார் சௌந்தரத்தோடு, அதாவது கணவரின் அக்காவோடு, டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டில் மிச்சம் அவர்கள் இருவர்தான்.

கெட்டிமேளம் முழங்கியது. குழந்தைவேலு தாலியில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு நிறுத்தினார்.

"என்னங்க, மீதியையும் போடுங்க" என்றது மணப்பெண் பேய்.

"மீதி ரெண்டும் எங்க அக்காதான் போடணும். அன்னிக்கும் அவதான் போட்டா. அவ இன்னும் உயிரோட இருக்கா. வரட்டும், காத்திருக்கலாம்."

டிவியில் கொல்லென்று சிரிப்பொலி. சௌந்தரம் தன்னையறியாமல் சோபாவிலிருந்து எழுந்துவிட்டாள்.

பூங்கோதை அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். பிடித்த கையை விடவில்லை.

"நீங்க மெதுவாவே போங்க அண்ணி" என்றாள். "அந்தப் பொண்ணு காத்திருக்கட்டும்."