மரணக் கிணற்றின் விளிம்பில்

ஆபத்து மனிதரை ஏன் ஈர்க்கிறது என்று நாவல்களை முன்வைத்துக் கட்டுரைகள் எழுதிவந்த நல்லபெருமாளைத் தேடி செல்வமேரி வந்தாள். அவள் கணவன் சூசை பொருட்காட்சியில் மரணக் கிணற்றுக்குள் பைக் ஓட்டுகிறவன்.

“உங்க புத்தகம்தான் சார் அவரு தலைமாட்டுல இருக்கு. போன மாசம் விழுந்து தோள்பட்டை எறங்கிருச்சு. அப்பவும் விடமாட்டேங்கிறாரு. இதெல்லாம் வேணாம்னு ஒண்ணு எழுதுங்களேன். நீங்க சொன்னா கேப்பாரு.”

நல்லபெருமாள் சம்மதித்தார். ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு எழுதலாம் என்று அவளோடு போனார்.

பலகைச் சுவர் அதிர, பைக் அவர்கள் நின்ற விளிம்புவரை ஏறி வந்தது. சூசை இரண்டு கைகளையும் விரித்து அவரைப் பார்த்துச் சிரித்தான். நல்லபெருமாள் தன்னை மறந்து கைதட்டினார்.

செல்வமேரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க எழுத வேணாம் சார்” என்றாள்.