பல்லி மேல் போட்ட பழி

அவன் உதட்டோரம் பொரிந்திருந்தது.

சின்னச் சின்னதாக நாலைந்து கொப்புளம். குழாய் வாய்க்குள் போகிற இடத்துக்குப் பக்கத்தில், இடது ஓரமாக.

அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தெரியாமல் இருக்குமா? கட்டிக்கொண்டு பதினோரு வருடம் ஆகிறது.

குழாயைக் கட்டியிருக்கிற நாடா உரசினது என்று நர்ஸ் ஜெசிந்தா சொன்னாள். களிம்பும் தடவியிருந்தாள்.

நிமோனியா என்று சேர்த்துப் பன்னிரண்டு நாள். மூச்சை மெஷின்தான் விட்டுக்கொண்டிருக்கிறது. முதல் வாரம் இறங்கின காய்ச்சல் திரும்பவும் ஏறிவிட்டது. எந்த மருந்துக்கும் மசியவில்லை. இப்படியே போனால் தொண்டையில் துளை போட வேண்டிவரும் என்று நேற்றே கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு என்ன என்று அவள் கேட்கவில்லை. பயம்.

டாக்டர் வந்தார். சின்ன வயசுக்காரர். டார்ச் அடித்து உதட்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். இதற்கு முன்னால் இப்படி வந்திருக்கிறதா என்று கேட்டார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டாள். அது பல்லி எச்சம் பட்டு வருவது. அந்த வீட்டில் பல்லி ஜாஸ்தி. எத்தனை தடவை சொன்னாலும் இவள் சாப்பாட்டை மூடிவைப்பதில்லை.

பாவம், அந்தப் பல்லி.

கல்யாணமாகி மூன்றாம் வாரம்தான் அவனுக்கு முதல் தடவை பொரிந்தது. அதற்கு முந்தின வாரம் அவளுக்கு. மாமியார் அன்றைக்கே பல்லியைக் கைகாட்டினாள். புது மருமகள் வேறு எதைச் சொல்ல? தலையாட்டினாள். அவனும் மறுபேச்சில்லாமல் முட்டை ஓட்டை நூலில் கட்டி மூலைக்கு மூலை தொங்கவிட்டான். வருடா வருடம் மாற்றியும் வைத்தான்.

சரியாகத் தெரிந்தால் உதவியாக இருக்கும் என்றார் டாக்டர். எப்போதோ உடம்புக்குள் போன கிருமி நரம்பில் தூங்கிக்கொண்டே கிடக்குமாம். ஆள் அசந்துபோனால் எழுந்துகொள்ளுமாம். இப்படிக் குழாய் போட்டவர்களில் சிலருக்கு உதட்டோடு நிற்காமல் நுரையீரலுக்கும் இறங்கிவிடுமாம்.

ஒரு பக்கம் மாமியார். ஒரு பக்கம் ஜெசிந்தா. அவளுக்குக் காதெல்லாம் சுட்டது.

மானம் போனால் போகட்டும்.

"பல்லி இல்ல டாக்டர். எனக்குச் சின்னப் பிள்ளையில இருந்தே வரும். என்கிட்ட இருந்துதான் இவங்களுக்கு வந்துச்சு."

மாமியார் மெஷினில் ஓடுகிற எண்களை, எல்லாம் புரிகிற மாதிரி, உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானமே நுரையீரலில் இருந்து சளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். மறுநாள் முடிவு வந்தது. அதே கிருமிதான். அதற்கென்று இருக்கிற மருந்தை ஏற்றினார்கள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது.

ஆறாம் நாள் மெஷினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். தொண்டைத் துளைக்கு இனி வேலையில்லை என்றாள் ஜெசிந்தா. மருந்துதானா, அவராகவே தேறினாரா, அடித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

எதுவாக இருந்தால் என்ன? ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அவள் அழுது தீர்த்தாள். அப்பாடா என்று இருந்தது. மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காப்பி டம்ளரை நீட்டினாள். மூடி போட்டிருந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் குழாயை எடுத்தார்கள்.

குரல் எழும்பவில்லை அவனுக்கு. கண் மட்டும் அவளைத் தேடியது.

ஜெசிந்தா திட்டுவாள் என்று தெரிந்தும் அவள் மாஸ்க்கை இறக்கினாள். இத்தனை நாள் தூக்கம் கெட்டதில் அவளுக்கும் பொரிந்திருந்தது. அதே இடது ஓரம்.

அவன் பார்த்தான். காய்ந்த உதடு ஒரு பக்கமாகச் சிரிப்பில் இழுத்தது.

"பல்லியா?" என்றான், வெறும் காற்றாக.

பதினோரு வருடம் முட்டை ஓடு தொங்கவிட்டவன்.