மச்சான் பிடிக்கும் கயிறு

நாற்பது நிமிடம் துடுப்புப் போட்டு, மணப்பாட்டுக் குன்றின் மேலிருக்கும் சிலுவை விரலளவுக்குச் சிறுத்த பிறகு, "இங்கன நிப்பாட்டுங்க மச்சான்" என்றார் கிருபைராஜ்.

நிப்பாட்டினேன். தோள்பட்டை இரண்டும் கழன்று தண்ணீரில் விழுந்துவிடும் போலிருந்தது.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். நீச்சல் தெரியாது. தாமிரபரணியிலேயே முட்டளவுத் தண்ணீரில் உட்கார்ந்து செம்பால் மோந்து ஊற்றிக்கொள்கிற ஆள். இப்படிப்பட்டவன் சனிக்கிழமை தவறாமல் கயாக் என்கிற ஒல்லித் துடுப்புத் தோணியில் ஏறிக் கடலுக்குள் போய் என்ன கிழிக்கிறான் என்று என் மனைவி கேட்காத வாரமில்லை.

கிருபைராஜ் என் தங்கை எப்சியின் வீட்டுக்காரர். கடலுக்கடியில் கிடக்கும் பாறைகளில் என்னென்ன ஒட்டி வளர்கிறது என்று முங்கிப் பார்த்து எழுதிக் கொடுப்பது அவர் வேலை. படகில் போனால் இன்ஜின் சத்தத்துக்கு மீன்கள் கலைந்துவிடுமாம். அதனால் கயாக்.

கயாக் மணப்பாட்டுக் கரையிலேயே கிடக்கும். அதுவரைக்கும் அவருடைய ஸ்கூட்டர். கால் வைக்கிற இடத்தில் ஒரு சிலிண்டர், எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சிலிண்டர். எழுபது கிலோமீட்டர் நான் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வர வேண்டும். இன்றைக்குத் திருச்செந்தூர் தாண்டி ஒரு போலீஸ்காரர் மறித்து, உள்ளே என்ன என்று கேட்டார். காற்று என்றேன். கடலுக்குக் காற்று கொண்டுபோகிறவர்களை அவர் நம்பவில்லை. இரண்டையும் இறக்கிக் காட்டிவிட்டு மறுபடி ஏற்றினோம்.

பன்னிரண்டு வருடமாக இதே கூத்து.

எல்லாம் சங்கு குளிக்கிற அண்ணாச்சி ஒருவர் சொன்ன சொல்லால் வந்தது. கலங்கல் தண்ணீரில் தனியாக இறங்குகிறவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொள்வான். மறுமுனையை மேலே ஒருவன் பிடித்திருக்க வேண்டும். அந்தக் கயிற்றைச் சொந்த அண்ணன் தம்பியிடம் கொடுக்கக் கூடாதாம், பங்குச் சண்டை ஏதாவது மனதில் இருக்கும். மனைவியோடு பிறந்தவனிடம்தான் கொடுக்க வேண்டுமாம். தங்கை தாலியறுப்பதை எந்த அண்ணனும் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டான்.

அதைக் கேட்ட அன்றைக்கே மாப்பிள்ளை நேராக என் வீட்டுக்கு வந்து நின்றார்.

எப்சி இறந்து மூன்று வருடம் ஆகிறது. காய்ச்சல் என்று படுத்தாள். ஒன்பதாம் நாள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அந்த அண்ணாச்சி சொன்னதற்கு அர்த்தமே கிடையாது. இனி நான் காப்பாற்றிக் கொடுக்கத் தாலி ஏது?

ஆனாலும் அடக்கம் முடிந்த ஐந்தாவது சனிக்கிழமை விடிகிற நேரத்தில் வாசலில் ஸ்கூட்டர் ஹாரன் கேட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு போய் ஏறினேன். அதைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை, இன்றுவரை.

உண்மையைச் சொன்னால், இந்தக் கயிறு என் கையில் இருக்கிற வரைக்கும் எப்சி அந்த வீட்டில் இருக்கிறாள் என்றுதான் எனக்கு நினைப்பு. பைத்தியக்கார நினைப்பு. இருந்துவிட்டுப் போகட்டும்.

நாளை ஆலயத்தில் மாப்பிள்ளைக்கு முதல் ஓலை வாசிக்கிறார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை சொல்ல யாராவது உண்டா என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை போதகர் சபையைப் பார்த்துக் கேட்பார்.

போன மாதம் மாப்பிள்ளை என்னிடம்தான் முதலில் வந்தார். நல்ல காரியம், தாராளமாகச் செய்யுங்கள் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். நாற்பத்தாறு வயதில் ஒரு மனிதன் ஒற்றை டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைப்பதை எத்தனை நாள் பார்ப்பது? பெண்ணின் பெயர் பெர்சிஸ், நாசரேத்தில் டீச்சர் என்றார். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பெண் வீட்டுக்குக் கூப்பிட்டபோது ஆபீஸில் வேலை என்று சொல்லித் தப்பித்தேன்.

பெர்சிஸுக்கு அண்ணனோ தம்பியோ இருப்பார்கள். முறைப்படி இனிமேல் கயிறு அவர்கள் கைக்குத்தான் போகும். எனக்கு விடுதலை. சனிக்கிழமை எட்டு மணி வரை தூங்கலாம்.

அதை நினைத்து ஒரு மாதமாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மாப்பிள்ளை இரண்டு காலையும் தண்ணீருக்குள் தொங்கப்போட்டு முதுகில் சிலிண்டரை மாட்டினார். கயாக் கவிழாமல் இருக்க நான் மறுபக்கம் சரிந்து உட்கார்ந்து, எட்டி அவர் இடுப்பில் கயிற்றைச் சுற்றினேன். முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்துவிட்டு மறுபடியும் போட்டேன்.

எதுவும் பேசக் கூடாது என்றுதான் இருந்தேன். வாய் கேட்கவில்லை.

"அடுத்த வாரம் புது மச்சினரக் கூட்டிட்டு வாங்க மாப்ள. முடிச்சு போட நான் சொல்லிக் குடுக்கேன்."

அவர் காற்றுக்குழாயை வாயில் கடித்திருந்தார். அதை எடுத்தார்.

"அந்த வீட்டுல ஆம்பளப் பிள்ளையே கெடையாது மச்சான். மூணும் பொண்ணு. பாக்கப் போன எடத்துல எல்லாம் மொதல்ல அதத்தான் கேட்டேன். சொத்துக்கு அலையுதான்னு நெனச்சி ரெண்டு வீட்டுல எந்திரிச்சுப் போவச் சொல்லிட்டாவ."

குழாயை மறுபடி கடித்துக்கொண்டு, முகக்கண்ணாடியைக் கையால் அழுத்தியபடி தண்ணீருக்குள் சரிந்தார்.

கயிறு என் உள்ளங்கை வழியாக இறங்கிக்கொண்டே இருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பார்க்க யாருமில்லாததால் சத்தமாகவே அழுதேன். கண்ணைத் துடைக்க ஒரு கையை எடுத்திருக்கலாம்.

எடுக்கவில்லை.