அந்தக் குரல் எங்கே, நீ எங்கே!

“முகம் உன்னோடது, குரல் அக்காவோடது. நல்லா ஓடிட்டிருக்கிற வண்டியில எதுக்கும்மா சக்கரத்தைக் கழட்டச் சொல்றே?” என்றார் இயக்குநர்.

டப்பிங் தியேட்டரில் மைக் முன்னால் நின்றிருந்தாள் சிட்டு. யூனிட்டில் எல்லோருமாகச் சேர்ந்து வைத்த பெயர் அது. வயது இருபத்தொன்று. முதல் படத்திலேயே சுவருக்குச் சுவர் போஸ்டரில் சிரித்தவள். இரண்டாவது படமும் இதே இயக்குநர்தான். எடுத்து முடித்தாகிவிட்டது. இன்றைக்கு டப்பிங் ஆரம்பம்.

“ரோட்ல என்னைப் பாத்தா ஓடி வர்றாங்க சார், செல்ஃபி எடுத்துக்கிறாங்க. போறப்ப, ‘படத்துல பேசினது நீங்க இல்லையாமே, டைட்டில்ல வேற பேரு வந்துச்சே’ன்னு கேட்டுட்டுப் போறாங்க. இந்த ஒரு படத்துக்கு நானே பேசறேன் சார். நல்லா இல்லேன்னா அழிச்சிடுங்க. அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்.”

இயக்குநருக்கு அவள் மேல் கொள்ளைப் பிரியம். பெற்ற மகள் கேட்டால்கூட இவ்வளவு பொறுமையாகப் பதில் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் குரல் விஷயத்தில் மனுஷன் உடும்புப்பிடி. முதல் படம் ஓடியதே அந்தக் குரலால்தான் என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவர். அவருடைய செல்போன் ரிங்டோனே அந்தப் படத்து வசனம்தான். வீட்டிலிருந்து மனைவி கூப்பிட்டால்கூட வசனம் முழுக்க முடிந்த பிறகுதான் எடுப்பார். அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் அந்த டப்பிங் கலைஞர் லேசுப்பட்டவர் இல்லை. எந்த முகத்தைத் திரையில் காட்டினாலும், அந்த முகத்தோடு கூடவே பிறந்த மாதிரி ஒரு குரலை வரவழைத்துவிடுவார். சிட்டுவின் படத்துக்காக ஷீல்டுகூட வாங்கினார்.

“சரி, உன் ஆசையைக் கெடுப்பானேன்? போன படத்துல அந்த பஸ் ஸ்டாண்ட் சீன். அப்பாவைப் பாத்து ஒண்ணு சொல்லுவியே, அதைச் சொல்லு பாப்போம்.”

சிட்டு கண்ணை மூடித் திறந்தாள். “போகாதீங்கன்னு சொல்லலைப்பா. போறதுக்கு முன்னாடி ஒரு தடவை திரும்பிப் பாத்துட்டுப் போங்க, அவ்வளவுதான்.”

இயக்குநர் உதட்டைப் பிதுக்கினார். “ம்ஹூம். காத்துதான் வருது, உசுரு வரலை. கோவிச்சுக்காதே.”

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்த சவுண்ட் இன்ஜினியருக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. தண்ணீர் பாட்டிலைத் தேடிக் குனிந்தவர் நிமிர வெகு நேரமாயிற்று.

“யோவ், இருமினது போதும்யா. அந்த சீனைப் போடு, இவளும் கேக்கட்டும்.”

திரையில் பஸ் ஸ்டாண்ட் வந்தது. அதே வசனம். நூறு முறை கேட்டிருப்பார், இருந்தும் இயக்குநருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டார்.

“கேட்டியா? ‘திரும்பி’ன்னு சொல்றப்ப லேசா ஒரு உடைசல் விழுது பாரு, அங்கதான் நான் ஃப்ளாட்! இதைப் பேசினப்ப நான் ஊர்லகூட இல்லை, பாட்டு எடுக்கப் போயிருந்தேன். பதினஞ்சு நாள் கழிச்சு வந்து கேட்டவன், இதே நாற்காலியில அப்படியே உக்காந்துட்டேன். அந்தக் குரல் எங்கே, நீ எங்கே! உனக்கு இன்னும் பத்து வருஷமாவது ஆகும்மா.”

சிட்டு என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்தார். கையில் ஒரு துணிப்பை.

“வாங்கக்கா, உங்களுக்கு ஆயுசு நூறு! நீங்களே இவளுக்குப் புத்தி சொல்லுங்க. இனிமே தானே பேசப் போறாளாம். உங்க பொழைப்புல மண்ணைப் போடப் பாக்கறா!”

“ஐயையோ, அப்படியெல்லாம் இல்லைக்கா!” பதறிப்போனாள் சிட்டு. “சார் சொல்றதுதான் சரி. நீங்களே பேசுங்க.”

அவ்வளவு நேரம் மல்லுக்கு நின்ற பெண் அக்காவைக் கண்டதும் பெட்டிப் பாம்பாக அடங்கியது இயக்குநருக்கே வேடிக்கையாக இருந்தது.

“எனக்கு வேற முகங்க நிறைய இருக்கு சார். இந்த முகத்துக்கு இவளே பேசட்டும்” என்றார் அக்கா.

“என்னக்கா, நீங்களுமா? அதெல்லாம் முடியாது. எனக்கு அந்த பஸ் ஸ்டாண்ட் குரல்தான் வேணும். அது இல்லாம இந்தப் படத்தை நான் வெளியில விடமாட்டேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா!”

அக்கா சிரித்தார். துணிப்பையிலிருந்து அந்த ஷீல்டை எடுத்துச் சிட்டுவின் கையில் திணித்தார்.

“போதும்டி, எனக்காக நீ வாயை மூடிட்டு இருந்தது. சார், நீங்க பாட்டு எடுக்கப் போயிருந்த அந்தப் பதினஞ்சு நாளும் எனக்குத் தொண்டை கட்டிப் பேச்சே வரலை. வேற ஆளு உள்ள வந்துட்டா என் இடம் போயிடுமேன்னு அழுதேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணிட்டு, படம் முழுக்கப் பேசிக் குடுத்தது இந்தப் பொண்ணுதான்.”

இயக்குநர் ஷீல்டையும் சிட்டுவையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குள் வீட்டிலிருந்து மனைவி கூப்பிட, அவர் சட்டைப்பைக்குள்ளிருந்து சிட்டு பேச ஆரம்பித்தாள்: “போகாதீங்கன்னு சொல்லலைப்பா…”