பர்மா மொழி பேசிய மதியம்

முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து கண்விழித்த சௌந்தரபாண்டியனுக்குத் தமிழே வரவில்லை. பத்து வயதில் விட்டுவந்த பர்மாவின் மொழியில் பேசினார்.

"மயக்க மருந்து அபூர்வமா சிலருக்கு இப்படிச் செய்யும். பயப்படாதீங்கம்மா, தெளிஞ்சிரும்" என்றார் டாக்டர்.

மனைவி குருவம்மாளுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. நாற்பது வருடமாக நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர், அவள் கையைப் பிடித்தபடி, சிரித்தும் கண்கலங்கியும் மூன்று மணிநேரம் பேசினார். அவளும் 'உம்' கொட்டிக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் தமிழ் திரும்பியது. "தண்ணி கொடு" என்றார்.

"மத்தியானம் என்னமோ சொல்லிக்கிட்டே இருந்தீங்களே?"

"நானா? ஞாபகமில்லையே." கையை விலக்கிக்கொண்டார்.

குருவம்மாள் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப்போட்டாள்.

"எனக்குப் புரியாட்டிப் பரவால்ல. அந்தப் பாஷையிலயே இன்னும் கொஞ்சம் பேசுங்களேன்."