பனியன் பந்தயம்

ஓரத்தில் டிராக்டர் உறுமிக்கொண்டே நிற்கிறது. அக்காவின் பாதிப் புல்வெளியையும் உழுது, தன் பாதியைப் போலவே ஒரே புல்லாக விதைத்துவிடத் தம்பி வந்திருக்கிறான். பூவும் கொடியுமாய்ப் பலதும் கலந்து கிடக்கும் அவள் பக்கம் அவனுக்குக் குப்பைக்காடு. ஆனால் முதலில் பந்தயம் தீர வேண்டும். மழைக்கு முன் அவனுடைய பழைய பருத்திப் பனியனைக் கிழித்து, ஆளுக்கொரு துண்டாக அவரவர் மண்ணில் புதைத்திருக்கிறார்கள். எந்த மண் துணியை மக்கச் செய்கிறதோ அதுவே உயிருள்ள மண் என்பது பந்தயம். அவனுடைய துண்டு முழுசாக வெளியே வருகிறது. "துவைச்சா நாளைக்கே போட்டுக்கலாம்," என்று உதறிக் காட்டுகிறான். அக்கா தன் பக்கம் முழங்காலிட்டுத் தோண்டுகிறாள். சாய்ந்த வெயிலில் மண் பொலபொலவென்று உதிர்கிறது. தடித்ததும் மயிர்போல் மெலிந்ததுமாக வேர்கள், ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆழத்தில். துணியைக் காணோம். நைலான் தையல்நூல் மட்டும் வளையமாக வருகிறது, அதில் ஒரு மண்புழு தொங்குகிறது.

"என் பனியன் எங்கக்கா?"

"வேருக்கு வேர் ருசி வேறடா. அதுக்குத் தக்க எத்தனையோ வாய் வந்து குடியிருக்கு. உன் பனியனை மட்டும் விட்டுவைக்குமா?"

அவன் புழுவை நூலிலிருந்து மெல்லப் பிரித்துக் குழியில் விடுகிறான். எழுந்து போய் டிராக்டரை அணைக்கிறான். அதுவரை கேட்காத ரீங்காரம் பூக்களின் மேல் எழுகிறது. திரும்பி வந்தவன், கையிலிருந்த முழுத் துண்டையும் அவள் குழிக்குள் பரப்பி மண்ணைத் தள்ளுகிறான்.

"இதையும் தின்னட்டும்."