பின்னறைச் சாவி

"மூக்கு அடைச்சிருக்கு. நெஞ்சு பூரா சளி. ரொம்ப நாள் தாங்காதுண்ணே."

தம்பி விரல் முட்டியால் இன்னொரு தரம் தட்டிப் பார்த்தான். காதை ஒட்டவைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான். அண்ணனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"யாருக்குடா சளி? பன்னிரண்டு கோட்டு பாலீஷ் போட்டிருக்கேன். அதுல முகம் பார்த்து சவரமே பண்ணலாம்!"

நோயாளி வேறு யாருமில்லை. அண்ணன் தன் கையாலேயே அறுத்து, ஒட்டி, மூன்று மாதமாக உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து மினுக்கிய ஸ்பீக்கர் பெட்டிதான். தம்பியும் லேசுப்பட்டவன் இல்லை. அவனும் ஒரு ஜோடி செய்து, உள்ளே பழைய கம்பளியை ஒட்டி, உலகத்திலேயே அதுதான் உசத்தி என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். ஒரே வீட்டில் இரண்டு பெட்டிக்காரர்கள் இருந்தால் அந்த வீடு என்னத்துக்கு ஆகும்? தலையணையில் மரத்தூள், தயிரில் மரத்தூள்.

இப்போது சண்டை பின்னறைக்காக. வெகுநாளாகச் சாமான் அடைந்து கிடந்த அந்த அறை அன்றுதான் காலியாகியிருந்தது. பட்டறை போட இரண்டு பேருக்குமே அது வேண்டும். சாவி அண்ணனின் சட்டைப்பையில் இருந்தது.

"எனக்கும் அந்த ரூம் வேணுங்க," என்றாள் அண்ணனின் மனைவி.

"உனக்கெதுக்கு? அதான் இவ்வளவு பெரிய சமையலறை இருக்கே!"

அண்ணன் சிரித்தார். தம்பியும் கூடச் சேர்ந்துகொண்டான். எதற்கு வேண்டும் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. அவளுக்குச் சுருக்கென்றது. உள்ளே போய்த் துணி காயப்போடும் கயிறும் ஒரு போர்வையுமாகத் திரும்பி வந்தாள்.

"எதுக்கு வெட்டிச் சண்டை? ஹாலுக்குக் குறுக்கே இதைக் கட்டறேன். ரெண்டு ஜோடியும் பின்னால இருக்கட்டும், எது முதல்லன்னு சொல்ல மாட்டேன். எந்தக் குரல் நல்லா இருக்குன்னு ரெண்டு பேரும் ஒத்துக்கறீங்களோ, அந்தக் குரலுக்குத்தான் ரூம். சரிதானே?"

"இது பேச்சு! அப்புறம் யாரும் மாத்திப் பேசக் கூடாது," என்று அண்ணன் சாவியை எடுத்து டீப்பாயின் மேல் வைத்தார்.

டெஸ்ட் பாட்டு எப்போதும் ஒன்றுதான். பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் ஒரு பெண் தனியாகப் பாடும் தாலாட்டு. மூன்று மாதமாக ஓடி ஓடி, அவள் எந்த வரியில் மூச்சு வாங்குவாள் என்பதுகூட அந்த வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம் ஆகியிருந்தது. பாவம், பக்கத்து வீட்டுக்காரருக்கும்தான்.

இரைச்சல் குறுக்கிடக் கூடாது என்று ஃபேனை நிறுத்தினார்கள். ஃப்ரிட்ஜை அணைத்தார்கள், ஜன்னலையும் சாத்தினார்கள். அப்படியும் பக்கத்து வீட்டில் யாரோ டிரில்லிங் மெஷினால் சுவரைக் குடைந்துகொண்டே இருந்தார்கள்.

முதல் பாட்டு ஓடி முடிந்தது.

"கிணத்துக்குள்ள இருந்து பாடற மாதிரி இருக்கு. சந்தேகமே இல்ல, உன்னோடதுதான்," என்றார் அண்ணன்.

"ஐயோ, உங்களோடதுண்ணே. பாலீஷ் வாடை இங்க வரைக்கும் அடிக்குது."

"கொஞ்சம் இருங்க, ஒயரை மாத்தறேன்," என்று போர்வைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. கொஞ்சம் தாமதமாயிற்று. நல்லவேளையாக அதற்குள் பக்கத்து வீட்டு டிரில் சத்தமும் ஓய்ந்தது.

"அப்பாடா! கடவுளுக்கே நம்ம டெஸ்ட் மேல அக்கறை," என்றான் தம்பி.

இரண்டாவது பாட்டு எழுந்தது.

தம்பி காலாட்டுவதை நிறுத்தினான். அண்ணனின் வாய் தானாகத் திறந்துகொண்டது. மேலே போகும்போது தொண்டை லேசாக நடுங்கியதும் அடுத்த வரிக்கு மூச்சு உள்ளே போனதும் அப்படியே கேட்டன. பாட்டு முடிந்தபோது அண்ணனுக்குக் கண் கலங்கியிருந்தது. அதைத் துடைத்துக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"ஆளே எதிர்ல நின்னு பாடற மாதிரி இருக்குடா!"

"போர்வை மட்டும் இல்லேன்னா தொட்டே பார்த்திருக்கலாம்ணே."

"ரெண்டாவதுதான். ஒத்துக்கறேன்."

"நானும் ஒத்துக்கறேன்."

பிறந்ததிலிருந்து அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும். அதுவும் ஒரு நொடிதான் நீடித்தது.

"அது என் பெட்டி!" என்றார்கள் இரண்டு பேரும்.

"பன்னிரண்டு கோட்டுடா! அந்த வழவழப்பு குரல்லயே தெரியலை?"

"கம்பளிண்ணே, கம்பளி! அந்தக் கதகதப்பு பாலீஷ்ல வருமா?"

கத்திக் கத்தி இரண்டு பேருக்கும் வேர்த்துக் கொட்டியது. "முதல்ல ஃபேனைப் போடுடா," என்றார் அண்ணன். தம்பி சுவிட்சைத் தட்டினான். ஃபேன் அசையவில்லை. விளக்கைப் போட்டுப் பார்த்தான். அதுவும் எரியவில்லை.

"அண்ணி, கரண்ட் எப்போ போச்சு?"

"முதல் பாட்டு முடிஞ்சதுமே போயிடுச்சே. டிரில் சத்தம் நின்னதை நீங்கதானே கவனிச்சீங்க?"

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப... ரெண்டாவது பாட்டு?"

போர்வை விலகியது. அவள் நேராக டீப்பாயிடம் வந்தாள். சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பாடிப் பழகத்தாங்க அந்த ரூமைக் கேட்டேன்."